பழுது யாருடையது? வீட்டுக் கணினியும் இணைய இணைப்பும் பழுதுபார்க்கப்பட்ட வரலாறு

வீட்டில் இணையம் நின்றுபோகும்போது எது கெட்டது என்பதே முதல் கேள்வியாகத் தோன்றினாலும், நடைமுறையில் அதற்கும் முன்னதாக முடிவாக வேண்டியிருப்பது அந்தப் பழுது யாருடைய பொறுப்பு என்பதுதான். இணைப்பு தரும் நிறுவனம் ரூட்டரைக் கைகாட்டும். வெளியிலிருந்து வரும் ஒற்றை இணைப்பை வீட்டிலுள்ள பல கருவிகளுக்கும் பகிர்ந்தளிக்கும் அந்தப் பெட்டியை விற்றவர் கணினியைக் குறை சொல்வார். கணினியைப் பழுதுபார்ப்பவர், தம் மேசையில் அது ஒழுங்காக ஓடுவதைக் காட்டித் திருப்பி அனுப்புவார். கடந்த அரை நூற்றாண்டில் இத்துறையில் பிறந்த சோதனைக் கருவிகளில் பெரும்பாலானவை, அதாவது கணினி எழுப்பும் பீப் ஒலியும், கேபிள் முனையில் எரியும் பச்சை விளக்கும், பிங் என்னும் கட்டளையும், எதையும் சரிசெய்பவை அல்ல. பழுது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும் சொல்பவை. ஆகவே இத்தொழிலின் வரலாற்றைக் கருவிகளின் வளர்ச்சியாக மட்டும் பார்க்காமல், பொறுப்பு கைமாறிக்கொண்டே வந்த வரலாறாகப் படிப்பதே பொருத்தமானது.

பொறுப்பு பிரியாமல் ஓரிடத்தில் குவிந்திருந்த காலமும் உண்டு. 1946-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பொதுமக்கள் அறிய இயக்கிக் காட்டப்பட்ட எனியாக் கணினியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அவற்றுள் பல, சூடேறும்போதும் குளிரும்போதுமே செயலிழந்ததால், இயந்திரத்தை இயன்றவரை அணைக்காமல் வைத்திருப்பது வழக்கமாயிற்று. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான வேர்ல்விண்டு கணினியில் இதைவிட நுட்பமான முறை கையாளப்பட்டது: மின்னழுத்தத்தை வேண்டுமென்றே ஏற்றியும் இறக்கியும் பார்த்து, நலிந்துவரும் குழாய்களை வேலை நேரத்தில் அன்றிச் சோதனை நேரத்திலேயே விழவைத்து, முன்கூட்டியே மாற்றிவிடுவார்கள். இவற்றையெல்லாம் செய்தவர்கள் இயந்திரத்தைக் கட்டியவர்களே. வணிகக் கணினிகள் வந்தபோதும் இந்த ஒழுங்கு தொடர்ந்தது. ஐபிஎம் நிறுவனம் தன் இயந்திரங்களை விற்காமல் வாடகைக்கு மட்டுமே கொடுத்து, பழுதுபார்ப்பதற்குத் தன் பொறியாளர்களையே அனுப்பியது. 1956 ஜனவரியில் அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோக வழக்கு உடன்பாட்டுத் தீர்ப்பாக முடிந்தபோதுதான், இயந்திரங்களை விற்கவும், வெளியில் பழுதுபார்ப்போருக்கு உதிரிப் பாகங்களையும் கையேடுகளையும் தரவும் அந்நிறுவனம் கடமைப்பட்டது. இயந்திரத்தைச் செய்தவர் வேறு, பழுதுபார்ப்பவர் வேறு என்ற பிரிவினைக்குச் சட்டத்தின் ஒப்புதல் கிடைத்தது அப்போதுதான் எனலாம்.

இந்தியாவில் அதே பிரிவினை வேறொரு வழியாக வந்தது. அயல்நாட்டு நிறுவனங்கள் தம் இந்தியக் கிளைகளில் வைத்திருக்கும் பங்கைக் குறைக்க வேண்டும் என்ற 1973-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு உடன்பட மறுத்த ஐபிஎம் 1978-இல் நாட்டைவிட்டு வெளியேறியபோது, அது விட்டுச்சென்ற கணினிகளைப் பராமரிக்கும் வேலை, 1975-இல் தொடங்கப்பட்டிருந்த சிஎம்சி என்ற அரசு நிறுவனத்தின் கைக்கு வந்தது. கணினிப் பராமரிப்புக் கழகம் என்பதே அதன் முழுப்பெயரின் பொருள். கணினி செய்வதற்காக அன்றி, யாரோ செய்த கணினியைப் பழுதுபார்ப்பதற்கென்றே ஓர் அரசு தனி நிறுவனம் வைத்திருந்தது என்பது போதிய கவனம் பெறாத செய்தி. வங்கிகளிலும் அலுவலகங்களிலும் ஏ.எம்.சி. என்று வழங்கும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், பணம் கட்டியவருக்குப் பழுதின் வகையைப் பற்றிய கவலையே வேண்டாம் என்று உறுதி தந்த அந்தப் பழைய ஒழுங்கின் தொடர்ச்சிதான். வீட்டுக்கு வந்த கணினிக்கு அத்தகைய உறுதி எதுவும் கூடவரவில்லை.

வீட்டுக் கணினியின் முதல் தலைமுறையில் பழுதுகள் பெரும்பாலும் இணைப்பிடங்களில்தான் இருந்தன. 1981-இல் பிரிட்டனில் வெளிவந்த சின்க்ளேர் இசட்எக்ஸ் 81 கணினியில் உள்ளமைந்த நினைவகம் 1 கிலோபைட் மட்டுமே. அதன் பின்புறத்தில் செருக வேண்டிய 16 கிலோபைட் நினைவகப் பெட்டி சற்றே ஆடினாலும், மணிக்கணக்கில் தட்டச்சு செய்தது அனைத்தும் அழிந்து கணினி மீண்டும் தொடக்கத்துக்குப் போய்விடும் என்பதால், பயனர்கள் ஒட்டுக்களிமண்ணை வைத்து அதை அசையாமல் நிறுத்தினார்கள். காற்றாடி இல்லாமல் 1980-இல் வந்த ஆப்பிள் III, சூட்டினால் சில்லுகள் தாங்கிகளிலிருந்து நழுவும் குறைக்குப் பெயர்பெற்றது. இயந்திரத்தைச் சில அங்குலம் தூக்கி மேசைமேல் போட்டால் அவை மீண்டும் படிந்துகொள்ளும் என்பதே அன்று வழங்கிய மருத்துவம். சூடேறி விரிந்தும் குளிர்ந்து சுருங்கியும் சில்லு தன் இருக்கையைவிட்டு மெல்ல மேலெழும் இந்த இயல்பு ஐபிஎம் பிசியையும் விடவில்லை. அதனால் பெட்டியைத் திறந்தவுடன் எல்லாச் சில்லுகளையும் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திவிடுவது 1980-களின் பழுதுநீக்குநர்களிடம் அனிச்சைச் செயலாகவே படிந்துவிட்டது.

1981 ஆகஸ்ட் 12 அன்று அறிவிக்கப்பட்ட அந்த ஐபிஎம் பிசிதான் பொறுப்பைப் பல துண்டுகளாக உடைத்தது. சந்தையில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டு கட்டப்பட்டதோடு, மின்சுற்று வரைபடங்களும், கணினி விழித்தெழும்போது முதலில் ஓடும் பயாஸ் நிரலின் முழுவரிகளும் அடங்கிய தொழில்நுட்பக் கையேட்டை அந்நிறுவனமே விற்றதால், சில ஆண்டுகளுக்குள் எவரும் அதைப் போன்ற கணினியைக் கட்டலாம் என்ற நிலை வந்தது. மதர்போர்டு ஒருவருடையது, நினைவகம் இன்னொருவருடையது, வன்தட்டு மூன்றாமவருடையது, இயங்குதளம் நான்காமவருடையது என்றானபின், இவை ஒன்றுசேர மறுக்கும்போது குற்றம் யாருடையது என்று சொல்ல எவருமில்லை. தெருமுனைப் பழுதுநீக்குநர் என்ற தொழிலாளி பிறந்தது இந்த இடைவெளியில்தான்; பாகங்களைப் பற்றிய அறிவைக் காட்டிலும் பாகங்களுக்கு இடையிலான வழக்கைத் தீர்க்கும் திறனே அவருக்குக் கூலி பெற்றுத்தந்தது.

அவருக்குக் கிடைத்த முதல் சாட்சி கணினியே எழுப்பிய ஒலி. மின்சாரம் வந்தவுடன் பயாஸ் நிரல் நினைவகம், விசைப்பலகை, திரை அட்டை முதலியவற்றை வரிசையாகத் தட்டிப் பார்க்கும். இத்தற்சோதனை முடிந்து எல்லாம் நலமென்றால் ஒரு குறும்பீப் எழும். திரையே வராத நிலையில் எழுத்தால் எதையும் சொல்ல முடியாதாகையால், குறைகள் ஒலிகளின் எண்ணிக்கையாலும் நீளத்தாலும் உணர்த்தப்பட்டன. ஒரு நெடிலும் இரண்டு குறிலுமாக ஒலித்தால் திரை அட்டையில் கோளாறு என்று ஐபிஎம் வகுத்ததைப் பயாஸ் நிரல் எழுதும் பிற நிறுவனங்களுள் சில ஏற்றன, சில தம் போக்கில் மாற்றின. எனவே மதர்போர்டில் எந்த நிறுவனத்தின் பயாஸ் என்று பார்க்காமல் ஒலியை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொன்னவர்கள் அடிக்கடி தவறினார்கள். விசைப்பலகை இணைக்கப்படவில்லை என்று கண்டறிந்த கணினி, தொடர்வதற்கு அதே விசைப்பலகையின் எஃப்1 விசையை அழுத்தச் சொல்லும் விந்தையும் இத்தற்சோதனை தந்ததே. 1984-இல் வந்த ஐபிஎம் ஏடி கணினியிலிருந்து, சோதனையின் ஒவ்வொரு படியும் ஓர் எண்ணாகக் குறிப்பிட்ட வாயிலுக்கு அனுப்பப்பட்டதால், அதைப் படித்து இரண்டு இலக்கங்களில் காட்டும் சிற்றட்டைகள் பின்னர் விற்பனைக்கு வந்தன. கணினி எந்தப் படியில் நின்றது என்பதை ஊகிக்காமலே சொல்ல அவை உதவின.

ஒலியால் சொல்ல இயலாத பழுதுகளுக்கு மாதிரி என்று இடைமறிப்புக் கோடுகளின் சண்டையைச் சொல்லலாம். கணினியுடன் இணைந்த ஒவ்வொரு கருவியும் மையச் செயலியின் கவனத்தைத் தன்பால் திருப்ப ஒரு சைகைக் கோட்டைப் பயன்படுத்தியது; ஐ.ஆர்.கியூ. என்று வழங்கிய இக்கோடுகள் முதல் பிசியில் எட்டே இருந்தன, ஏடி கணினியில் பதினைந்தாயின. அவற்றுள் கடிகாரத்துக்கும் விசைப்பலகைக்கும் தட்டுகளுக்கும் போக எஞ்சியவை மிகச்சில. முதலாம், மூன்றாம் தொடர்வாயில்கள் நான்காம் எண் கோட்டையும், இரண்டாம், நான்காம் வாயில்கள் மூன்றாம் எண் கோட்டையும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்ததால், முதலாம் வாயிலில் மவுஸும் மூன்றாம் வாயிலில் மோடமும் வைத்திருந்த வீட்டில், தொலைபேசி வழியே இணைப்பு கிடைத்த கணத்தில் மவுஸ் அசைவற்றுப் போகும். மவுஸும் நல்லது, மோடமும் நல்லது, இரண்டும் சேர்ந்திருப்பதே பழுது. ஏழாம் எண் கோட்டை அச்சுப்பொறிக்கு விட்டுத்தராத ஒலி அட்டைகளும் இவ்வகையே. இதற்கான தீர்வு, அட்டையின் மேலுள்ள இரண்டு ஊசிகளை இணைக்கும் ஜம்பர் என்ற சிறு மூடியைக் கழற்றி அடுத்த இணைக்கு மாற்றுவதாக இருந்தது. எந்த இணை எந்தக் கோடு என்பது கையேட்டில்தான் இருக்கும், கையேடு வாங்கிய வாரத்திலேயே தொலைந்திருக்கும். 1995 ஆகஸ்டில் வெளியான விண்டோஸ் 95, கருவிகளுக்குக் கோடுகளைத் தானே பங்கிடும் பொறுப்பை ஏற்று, முடியாதபோது மஞ்சள் வியப்புக்குறி போட்டுக் காட்டியது. அந்த ஏற்பாடு நிலைபெறச் சில ஆண்டுகள் பிடித்தன என்பதற்கு, 1998 ஏப்ரலில் பில் கேட்ஸ் முன்னிலையில், மேடையில் ஸ்கேனரைச் செருகியவுடன் விண்டோஸ் 98 நீலத்திரை காட்டி விழுந்ததே உலகறிந்த சான்று.

தமிழ்நாட்டில் இந்தத் தொழிலுக்கு முகவரியாக அமைந்தது, சென்னை அண்ணா சாலையை அடுத்துச் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கமாக விரியும் ரிச்சி தெரு. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு போன்ற அண்டைத் தெருக்களையும் சேர்த்தே மக்கள் அப்பெயரால் அழைக்கிறார்கள். வானொலி, ஒலிபெருக்கி ஆகியவற்றின் உதிரிப் பாகங்களுக்குப் பெயர்பெற்றிருந்த அந்த வட்டாரம், 1984-இன் கணினிக் கொள்கை இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதைத் தொடர்ந்து படிப்படியாகக் கணினிப் பாகங்களுக்கு மாறியது. உலகத் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா 1997-இல் சேர்ந்ததும் சுங்கவரிகள் ஆண்டுக்காண்டு குறைய, நிறுவனப் பெயரோடு வரும் கணினியைவிடக் கணிசமாகக் குறைந்த விலையில், 'அசெம்பிள்டு' என்று வழங்கும் கோத்துக்கட்டிய கணினி நடுத்தரக் குடும்பங்களின் கூடத்துக்கு வந்து சேர்ந்தது. அதன் உத்தரவாதம் பாகத்துக்குப் பாகம் வேறு. கடைக்காரர் ஒவ்வொன்றின் மேலும் தேதியிட்டு ஒட்டிய சிறு ஒட்டுத்தாளே அதன் சாசனம், அது கிழிந்தால் உரிமையும் கிழிந்தது.

இத்தெருவில் வளர்ந்த பழுதுநீக்கும் முறையை 'மாற்றிப் பார்த்தல்' என்ற இரண்டு சொற்களில் அடக்கலாம். நல்லதென்று உறுதியான ஒரு நினைவக அட்டையும், ஒரு மின்வழங்கிப் பெட்டியும், ஒரு திரை அட்டையும் பையில் இருந்தால், சந்தேகத்துக்குரிய பாகத்தின் இடத்தில் நல்லதை வைத்துப் பார்த்துச் சில நிமிடங்களில் குற்றவாளியைத் தனிமைப்படுத்திவிடலாம். பொறியியல் படித்தவர்கள் இதை அறிவற்ற முறையென்று ஏளனம் செய்ததுண்டு. ஆயினும் அளவுமானி வைத்துச் சுற்றைப் படிப்பதைவிட ஒரு பாகத்தின் விலை மலிவாகிவிட்ட காலத்தில் அதுவே அறிவார்ந்த முறை என்பதில் ஐயமில்லை. அதைவிட மலிவான முறையும் ஒன்று இருந்தது. கடற்காற்றின் உப்பும் ஈரமும் நினைவக அட்டையின் பொன்முலாம் பூசிய விளிம்பில் மெல்லிய படலம் படியச் செய்வதால், 'டிஸ்பிளே வரவில்லை' என்று வரும் கணினிகளில் கணிசமானவை, அட்டையைக் கழற்றிப் பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் அந்த விளிம்பைத் துடைத்துத் திரும்பச் செருகியதும் உயிர்பெற்றன. எந்தக் கையேட்டிலிருந்தும் வராத இந்த வழக்கம் தமிழகமெங்கும் பரவி, சந்தேகம் வந்தால் முதலில் ரேமைத் துடை என்பது வீட்டுப் பிள்ளைகளும் அறிந்த விதியாயிற்று. 'தமிழ் கம்ப்யூட்டர்' போன்ற இதழ்களும், 'தினமலர்' நாளிதழின் 'கம்ப்யூட்டர் மலர்' இணைப்பும் இத்தகைய அறிவைத் தமிழ் வாசகர்களிடம் கொண்டுசேர்த்தன.

பாகம் கெட்டதா, நிரல் கெட்டதா என்ற எல்லைக்கோடு அழியத் தொடங்கியதும் இக்காலத்தில்தான். தைவானில் எழுதப்பட்ட சிஐஎச் என்ற நச்சுநிரல் 1999 ஏப்ரல் 26 அன்று விழித்தெழுந்து, வன்தட்டின் தரவுகளை அழித்ததோடு, சில வகை மதர்போர்டுகளில் பயாஸ் சில்லின் உள்ளடக்கத்தையும் அழித்தது. தற்சோதனை நிரலே இல்லாமற்போன கணினி ஒலியும் எழுப்பாமல் கிடந்ததால், மென்பொருள் செய்த குற்றம் மதர்போர்டின் மரணமாகத் தோன்றியது. 2003 ஆகஸ்டில் பரவிய பிளாஸ்டர் புழு, விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளை 60 நொடி அவகாசம் தந்து மீண்டும் மீண்டும் அணைத்தபோது, மின்வழங்கியை மாற்றியவர்கள் பலர். எதிர்த்திசையிலும் குழப்பம் நேர்ந்தது. 1999-ஐ ஒட்டித் தொடங்கிச் சில ஆண்டுகள் சந்தைக்கு வந்த தரங்குறைந்த மின்பகுபொருள் நிரம்பிய மின்தேக்கிகள், ஓரிரு ஆண்டுகளில் தலை உப்பிக் கசிந்து, கணினியைக் காரணமின்றி உறையச் செய்தன. இயங்குதளத்தைப் பலமுறை புதிதாக நிறுவிப் பார்த்த பிறகே பலர் பெட்டியைத் திறந்து அந்த உப்பலைக் கண்டார்கள். இதன் பொருட்டு டெல் நிறுவனம் 2005-இல் 30 கோடி டாலரைச் செலவாக ஒதுக்க வேண்டியதாயிற்று.

இனி வலையமைப்பின் பக்கம். கணினிகளைக் கம்பியால் பிணைக்கும் ஈதர்நெட் முறையை 1973-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் ஆகியோர் உருவாக்கியபோது, எல்லாக் கணினிகளும் ஒரே நீண்ட கம்பியில் தொங்கின. அதன் மலிவான பிற்கால வடிவமான மெல்லிய அச்சொன்றுக் கம்பி 1980-களின் இறுதியில் சிறு அலுவலகங்களிலும் ஆர்வலர்களின் வீடுகளிலும் பரவியது. கம்பியின் இரு முனைகளிலும் 50 ஓம் மின்தடை கொண்ட முடிப்பு மூடி இருந்தாக வேண்டும். இல்லையென்றால் சைகை முனையில் மோதித் திரும்பி வந்து எல்லாவற்றையும் குலைக்கும். எவரேனும் நாற்காலியை நகர்த்தி ஓரிடத்தில் இணைப்பைப் பிடுங்கினாலே அத்தனை கணினிகளும் ஒருசேர ஊமையாகிவிட்டன. ஒருவருடைய பழுது அனைவருடையதும் ஆனதால், அது எங்கே என்று கண்டுபிடிக்கக் கம்பி நெடுகிலும் நடந்து, பாதிப் பாதியாகப் பிரித்து முடிப்பு மூடியை வைத்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

1990-இல் தரமாக ஏற்கப்பட்ட முறுக்கிய இணைக்கம்பி இந்த அவலத்தை நீக்கியது. ஒவ்வொரு கணினியிலிருந்தும் தனிக் கம்பி நடுவிலுள்ள பெட்டிக்குச் சென்றதால் பழுதும் தனித்தனியாயிற்று. அதைவிட முக்கியமான ஏற்பாடு, தரவு ஏதும் செல்லாத நேரத்திலும் இரு முனைகளும் 16 மில்லிநொடிக்கு ஒருமுறை சிறு துடிப்பை அனுப்பிக்கொள்ள வேண்டும் என்று தரத்தில் எழுதப்பட்டதுதான். எதிர்முனையின் துடிப்பு வந்துகொண்டிருக்கும்வரை எரியும் பச்சை விளக்கே, தொழிலறியாத ஒருவரும் படிக்கத்தக்க முதல் வலையமைப்புச் சோதனைக் கருவி. அவ்விளக்கு பெறும் திசையை மட்டுமே சான்றளிப்பதால், ஒரு முனையில் எரிந்து மறுமுனையில் எரியாவிடில், அறுந்தது எந்த இணைக்கம்பி என்பதுவரை சொல்லிவிடலாம். பிற்காலத்தில் இவ்விளக்கு சற்றே ஏமாற்றவும் தொடங்கியது. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்துக்குக் கம்பியிலுள்ள நான்கு இணைகளில் இரண்டே போதும், 1 கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும்; எனவே கிரிம்பிங் சரியாக அழுந்தாமல் நீல இணை விட்டுப்போன கேபிளிலும் விளக்கு எரியும், இணையம் ஓடும், வேகம் மட்டும் 95 மெகாபிட்டைத் தாண்டாது. அதிக வேகத் திட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டு நிறுவனத்தோடு சண்டையிடும் வீடுகள் பலவற்றில் குற்றவாளி மேசைக்கடியில் கிடக்கும் அந்தக் கேபிள்தான்.

விளக்கு ஒரு கம்பியின் நீளத்துக்கு மட்டுமே சாட்சி. அதற்கப்பால் என்ன நிகழ்கிறது என்று கேட்கும் கருவியை, 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவத்தின் எறிபடை ஆய்வகத்தில் பணியாற்றிய மைக் மியூஸ், வலையமைப்பு ஒன்றின் கோளாறைத் துரத்தும் வழியில் எழுதினார். நீர்மூழ்கிகளைத் தேடும் சோனார் கருவியின் ஒலியைக் கொண்டு அவர் பிங் என்று பெயரிட்ட அந்தச் சிறு நிரல், தொலைவிலுள்ள கணினிக்கு ஒரு பொட்டலத்தை அனுப்பி, மறுமொழி வர எவ்வளவு நேரமாயிற்று என்று சொல்லும், அவ்வளவே. ஆனால் அதை முதலில் தன் கணினிக்கும், அடுத்து ரூட்டருக்கும், பிறகு வெளியுலகின் ஓர் எண்முகவரிக்கும், இறுதியில் ஒரு பெயர்முகவரிக்கும் அனுப்பிப் பார்த்தால், பதில் நின்றுபோகும் படியே பழுதின் எல்லை. எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால், கம்பிகள் அனைத்தும் நலம், பெயரை எண்ணாக மாற்றும் சேவை மட்டுமே நோயுற்றது. 1980-களின் பிற்பகுதியில் வான் ஜேக்கப்சன் எழுதிய டிரேஸ்ரூட் இன்னும் தந்திரமானது: கடந்துசெல்லும் ஒவ்வொரு ரூட்டரும் பொட்டலத்தின் ஆயுள் எண்ணில் ஒன்றைக் கழித்து, அது பூச்சியமானால் அனுப்பியவருக்கு அறிவிக்க வேண்டும் என்ற விதியை வைத்துக்கொண்டு, ஆயுளை ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டி அனுப்பி, வழியிலுள்ள ரூட்டர்களைத் தம்மைத் தாமே காட்டிக்கொடுக்கச் செய்தது.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று, சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் தொடங்கியது. தொலைபேசிக் கம்பி வழியே நொடிக்கு 9.6 கிலோபிட் என்பது அன்றைய வேகம். அக்காலப் பழுதுகளுக்கு வீட்டினரே பெரும்பாலும் காரணம். அடுத்த அறையின் இணைத்தொலைபேசியை எடுத்தால் இணைப்பு அறும், வடகிழக்குப் பருவத்தின் இடிநாளில் கம்பியைக் கழற்ற மறந்தால் மோடம் கருகும். 2004-இன் அகலக்கற்றைக் கொள்கை 256 கிலோபிட்டைக் குறைந்தபட்ச வேகமாக வரையறுத்ததை அடுத்து, 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் தன் டேட்டாஒன் சேவையை அதே செப்புக் கம்பியில் கொண்டுவந்தது. குரல் 4 கிலோஹெர்ட்சுக்குக் கீழும் தரவு 25 கிலோஹெர்ட்சுக்கு மேலும் செல்வதால், இரண்டையும் பிரிக்கும் வடிகட்டி இல்லாத ஒரு தொலைபேசி வீட்டின் எந்த மூலையில் இருந்தாலும், மணியடிக்கும்போதெல்லாம் இணைப்பு துண்டிக்கும். அச்சேவைக்கான மோடத்தின் இரண்டு விளக்குகள் பொறுப்பைத் துல்லியமாகப் பங்கிட்டன: டிஎஸ்எல் விளக்கு சிமிட்டினால் கம்பி, லைன்மேனைத் தேட வேண்டும், அது நிலையாக எரிந்து இணைய விளக்கு மட்டும் அணைந்திருந்தால் கடவுச்சொல்லோ, கட்டாத பில்லோ காரணம்.

கம்பி வீட்டுக்குள் வந்ததும், வீடே ஒரு வலையமைப்பானது என்பதைத்தான் குடும்பங்கள் கவனிக்காமல் விட்டன. உலகின் முகவரி எண்கள் தீர்ந்துபோகும் என்ற அச்சத்தில் 1994-இல் முன்மொழியப்பட்ட முகவரி மாற்று முறை, ஒரே வெளிமுகவரியின் பின்னால் பல கருவிகளை மறைத்துவைக்க வழிசெய்தது, 192.168 என்று தொடங்கும் எண்கள் தனிப்பட்ட வலையமைப்புகளுக்கென்று ஒதுக்கப்பட்டன. அவற்றைக் கையால் எழுதாமல் கேட்டவருக்குக் கேட்டபடி வழங்கும் டிஹெச்சிபி என்ற ஏற்பாடு 1993-இல் வகுக்கப்பட்டு, ரூட்டருக்குள் குடியேறியது. ஒரு நிறுவனத்தின் வலையமைப்பு நிர்வாகி செய்துவந்த வேலைகள் இவை. இப்போது எவரும் நிர்வகிக்காமல் தாமாக நடந்தன, தவறும்போது எவருக்கும் விளங்காமல் தவறின. முகவரி கேட்டும் கிடைக்காத கணினி தனக்குத் தானே 169.254 என்று தொடங்கும் எண்ணைச் சூட்டிக்கொள்ளும் வழக்கம் விண்டோஸ் 98-இல் வந்தது. அந்த எண்ணைக் கண்டால் ரூட்டர்வரை பேச்சே எட்டவில்லை என்று பொருள். மாடிக்கு வைஃபை எட்டவில்லையென்று பழைய ரூட்டரை அங்கே மாட்டி, அதன் டிஹெச்சிபியை அணைக்க மறந்தால், வீட்டில் முகவரி வழங்குவோர் இருவராகி, தவறான பெட்டியிடம் முகவரி வாங்கிய கருவி மட்டும் வெளியே போக வழியின்றித் திகைக்கும்.

வைஃபை இந்தக் குழப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாததாக்கியது. 2005-இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இந்தியாவில் உரிமம் வேண்டாததாக்கப்பட்டபின் வீடுதோறும் பரவிய அச்சேவையில், ஒன்றையொன்று மிதிக்காத தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. அடுக்கக வீடுகளில் அவற்றைப் பத்துப் பதினைந்து குடும்பங்கள் பங்கிடுகின்றன. அதே அலைவரிசையில் இயங்கும் மைக்ரோவேவ் அடுப்பும், கம்பி வேய்ந்த கான்கிரீட் சுவரும், இரும்பு பீரோவும் சேரும்போது, பழுதாகாத எதையும் பழுதென்று நம்ப நேர்கிறது. ஒரு நாணயத்தளவு மின்கலம் தீர்ந்ததால் இணையமே வரவில்லை என்று நம்பும் நிலையும் இத்தகையது: மதர்போர்டின் அந்த மின்கலம் செத்தால் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும், பாதுகாப்புச் சான்றிதழ்களின் காலவரம்பை ஒப்பிடும் உலாவி, எல்லாத் தளங்களையும் ஐயுற்று மறுத்துவிடும்.

'ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்று அழைப்பு மையங்கள் சொல்வது மூடநம்பிக்கை அன்று. மறுதொடக்கம் முகவரியைப் புதிதாகக் கேட்டுப் பெறுகிறது, நிரம்பிவழியும் இணைப்புப் பட்டியலைத் துடைக்கிறது, நிறுவனத்திடம் மீண்டும் அடையாளம் காட்டுகிறது. எனினும் அது சாட்சியங்களையும் சேர்த்து அழித்துவிடுவதால், மறுவாரம் அதே பழுது அதே புதிராகத் திரும்பி வருகிறது.

கண்ணாடியிழை வீட்டுவாசல்வரை வந்த கடந்த பத்தாண்டில் பொறுப்பு மறுபடியும் ஒருபக்கமாகச் சாய்ந்துவருகிறது. ஒளியை மின்சைகையாக்கும் பெட்டி பெரும்பாலும் நிறுவனத்தின் உடைமை. 2004-இல் வகுக்கப்பட்ட டிஆர்-069 என்ற நெறிமுறையின்படி, அதன் அமைப்புகளை நிறுவனம் தன் அலுவலகத்திலிருந்தே மாற்ற முடியும். அதன் நிர்வாகக் கடவுச்சொல் பல வீடுகளில் வீட்டாருக்கே தெரியாது. இழை வழியே வருவது கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி, அதன் வலிமையை அளக்கும் மானியும், அறுந்த இழையை உருக்கி ஒட்டும் கருவியும் தொழிலாளரிடம் மட்டுமே உண்டு. இதில் வீட்டாருக்கு எஞ்சியிருப்பது எல்ஓஎஸ் என்று எழுதிய சிவப்பு விளக்கு. அது எரிந்தால் ஒளி வரவில்லை என்பதே பொருள். இழை கூர்மையாக மடிந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் புகாரைப் பதிவுசெய்யலாம். அப்போது பெட்டியின் பின்னுள்ள சிறு துளையில் ஊசியைச் செருகி ரீசெட் செய்யக் கூடாது. அது அறுந்த இழையை ஒட்டாது, நிறுவனம் பதிந்துவைத்த அமைப்புகளை அழித்து, இழை சரியான பிறகும் இணையம் வராதபடி செய்துவிடும்.